849 ரூபாயை யார் கட்டுகிறார்கள்?

"ஸ்டென்ட் வெச்சாங்க. ஒரு பைசா வாங்கல. எல்லாம் கார்டுலேயே முடிஞ்சுபோச்சு." டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உடனே பக்கத்தில் இருப்பவர், "கவர்மெண்ட் குடுக்குதுப்பா" என்பார். எதிரே இருப்பவர் விடமாட்டார். "கவர்மெண்ட் எங்க குடுக்குது? இன்சூரன்ஸ் கம்பெனிதானே குடுக்குது" என்பார். இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் போவதால்தான் ஏழைக்குச் செய்யும் சிகிச்சையை யாரோ போட்ட பிச்சைபோலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிகிறவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு டீ சொல்லிக்கொண்டு பொறுமையாகவே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் அட்டை. அதன் முழுப்பெயர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆந்திரத்தில் 2007-ல் ராஜசேகர ரெட்டி அரசு 'ஆரோக்யஸ்ரீ'யைத் தொடங்கியது. இங்கே 2009 ஜூலை 23 அன்று கருணாநிதி அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம் காப்பீட்டை ஏற்றது. ஆட்சி மாறிய பிறகு, 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா அரசு அதைப் புதிய பெயரில், பெரிதாக்கி நடத்தியது. காப்பீட்டுப் பொறுப்பு யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குப் போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம் அது. பெயர்கள் மாறினாலும் பணம் போகும் பாதை பெரிதாக மாறவில்லை. இரண்டு கட்சிகளும் மாறிமாறி வளர்த்த திட்டம் என்பதை இரண்டு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டால் நல்லது.

அட்டை வாங்குவது எப்படி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, பிறகு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையம். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அது 1,20,000 ஆனது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. அட்டைக்காரர் இதற்காக ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு தொகை கட்டப்படுகிறது. அதுதான் பிரீமியம்.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோலத்தான் இந்தப் பிரீமியமும் போடப்படுகிறது. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நோய், யார் கிழவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வித்தியாசம், அதை வீடுவீடாகப் போய் வசூலிப்பதில்லை. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து அரசே நிறுவனத்திடம் கட்டிவிடுகிறது. 2022-ல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அந்தத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். அன்றைய கணக்கில் குடும்பங்கள் 1.37 கோடி. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1,163 கோடி ரூபாய் வருகிறது. அந்த ஆண்டில் சிகிச்சைக்கு வருபவர் இந்த 1.37 கோடிக் குடும்பங்களில் ஒரு சிறு பங்குதான். வராத வீடுகளின் 849 ரூபாய்களும் சேர்ந்துதான் வந்தவருடைய ஸ்டென்டுக்கும் டயாலிசிஸுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் ஆகிறது.

இந்தத் தொகை ஏறிவந்த வழியையும் பார்க்க வேண்டும். 2009-ல் 469 ரூபாய். 2012-ல் 497. 2017-ல் 699. 2022-ல் 849. விலைவாசி மட்டும் காரணமல்ல, கிடைப்பதும் கூடியிருக்கிறது. முதல் திட்டத்தில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு 1 லட்சம். 2012-ல் ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். இப்போது ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் நிறுவனங்கள் டெண்டரில் விலை கேட்கும். போன முறை எவ்வளவு கிளைம் போனது என்பதை வைத்துத்தான் கேட்கும். ஆக, இன்று ஒரு மருத்துவமனை தேவையில்லாமல் ஒரு சிகிச்சையைச் செய்து பில் போட்டால், அந்தச் செலவு நிறுவனத்தோடு நிற்காது. அடுத்த டெண்டரில் பிரீமியமாக ஏறி அரசின் தலையில் வந்து விடியும். காப்பீட்டில் நடக்கும் ஏமாற்றைக் 'கம்பெனி பணம்தானே' என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இதில் டெல்லியின் பங்கு என்ன? 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தமிழகம் தன் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. 5 லட்சம் என்ற உச்சவரம்பு அந்த வழியாக வந்தது. செலவைப் பங்கிடும் விகிதம் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, மேடைப்பேச்சுகளில் இது காணாமல் போய்விடும். அந்த 60 சதவீதம் எல்லா அட்டைக்காரருக்கும் அல்ல. 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் ஏழை என்று குறிக்கப்பட்ட குடும்பங்களை அடிப்படையாக வைத்துத்தான் மத்திய அரசு பங்கு தருகிறது. அதற்கும் குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் தமிழக அரசின் வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களுக்கு முழுப் பிரீமியமும் மாநிலக் கருவூலத்திலிருந்துதான் போகிறது. அட்டையில் யார் படம் போடுவது என்று நடக்கும் சண்டையைவிட, எத்தனை குடும்பத்துக்கு யார் கட்டுகிறார்கள் என்ற இந்தக் கணக்குக்குத்தான் சட்டமன்றத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். எல்லாத் தொகையையும் காப்பீட்டு நிறுவனமே கொடுப்பதில்லை. தமிழகத்தில் நடப்பது கலப்பு முறை. ஒரு பகுதிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு, ஒரு பகுதியை அரசே நேராக ஏற்கிறது. உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கென்று தனியாகத் தொகுப்பு நிதி ஒன்றும் இருக்கிறது.

சரி, கருவூலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நாம் பேச வேண்டிய இடம் இதுதான்.

'வரி கட்டுபவர்கள் பணம்' என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் வருபவர் வருமான வரி கட்டும் ஒருவர். அவர் கட்டுவதும் வருகிறது, மறுக்கவில்லை. வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி கட்டுகிறார். அதில் சுகாதாரத்துக்கான பங்கைத் தனியே சேர்த்துவைக்க 2021-ல் மத்திய அரசு ஒரு நிதியத்தையே உண்டாக்கியது. ஆனால் மேல்வரியை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்பதால் அது டெல்லியிலேயே தங்கும். திட்டங்களின் பெயரில்தான் இங்கே வரும். பங்கிட வேண்டிய வரிகளில் 15-வது நிதி ஆணையம் மாநிலங்களுக்கு ஒதுக்கியது 41 சதவீதம், அதில் தமிழகத்தின் பங்கு 4.079 சதவீதம். அதாவது பங்கிடத்தக்க 100 ரூபாயில் தமிழகத்துக்கு வந்தது 1 ரூபாய் 67 காசு. மாநில அரசு செலவுசெய்யும் பணத்தில் மிகப் பெரிய பகுதி மாநிலத்துக்குள்ளேயே திரட்டும் வரி.

அந்த வரியைக் கட்டுகிறவர் யார் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். செல்போன் ரீசார்ஜுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் சரிபாதி மாநிலத்துக்கு. 28 நாளுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 299-க்குள் வரி ஏறக்குறைய 45 ரூபாய் 60 காசு. மாநிலத்தின் பாதி 22 ரூபாய் 80 காசு. வருடத்துக்கு 13 முறை போட்டால் ஒரு போனுக்கு 296 ரூபாய். அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் பையன் என்று வீட்டில் மூன்று போன் இருந்தால் 889 ரூபாய்.

அந்த வீட்டுக்காக அரசு கட்டும் பிரீமியம் 849 ரூபாய்.

ரீசார்ஜ் ஒன்றிலேயே இந்தக் குடும்பம் பிரீமியத்தைவிட அதிகமாக மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டது. இன்னும் பெட்ரோலைத் தொடவில்லை. தமிழகத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், அதோடு அடிப்படை விலையில் 13 சதவீதமும் வாட் வரி. கட்டட வேலைக்கு டிவிஎஸ் 50-யில் போய்வரும் கொத்தனார் தினமும் பங்க்கில் நின்று வரி கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். டீத்தூளுக்கு ஜிஎஸ்டி, சர்க்கரைக்கு ஜிஎஸ்டி, சோப்புக்கு ஜிஎஸ்டி. இரண்டு சென்ட் நிலம் வாங்கினால் பத்திரப்பதிவுக் கட்டணம். ஏழை வரி கட்டுவதில்லை என்பதைப்போலத் தவறான பேச்சு வேறில்லை. அவர் கட்டுகிறார், ரசீதுதான் அவர் பெயரில் இல்லை.

டாஸ்மாக்கையும் சொல்லாமல் விட முடியாது. 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்தக் கடைகளில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் அன்றாடக் கூலிக்காரர்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வரியாகக் கருவூலத்துக்கு வருகிறது. பிறகு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அவர்கள் வார்டில் படுக்கும்போது அதே கருவூலம் சிகிச்சைக்கும் கொடுக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இது வரவும் செலவும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது இரண்டு முறை நட்டம். சுகாதாரத்துக்குப் பணம் வேண்டும் என்று வாதாடும் நான், இந்த வழியாக வரும் பணத்தை நினைத்து நிம்மதியாக இருந்ததில்லை.

பள்ளம் விழும் இடத்தில் கடனும் வருகிறது. மருத்துவ அமைப்பைச் சீர்படுத்த உலக வங்கியிடம் 2019-ல் 28.7 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஜப்பான் நிறுவனக் கடனில் கீழ்ப்பாக்கம், கோவை, மதுரை மருத்துவமனைகளில் புதுக் கட்டடங்கள் எழுந்தன. கடனும் நாளைய வரிதான்.

இவ்வளவு நேரம் அட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் ஏழைகளின் மருத்துவத்துக்கு அரசு செய்யும் செலவில் அட்டைவழிப் பணம் சின்ன ஓடைதான். ஆறு வேறு பக்கம் ஓடுகிறது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி ரூபாய். நாம் கணக்கிட்ட பிரீமியம் 1,163 கோடி. நூற்றில் ஆறுகூட வரவில்லை. மீதியெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, அங்கே வேலை பார்க்கும் டாக்டர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் சம்பளம், மருந்து, கட்டடம், ஆம்புலன்ஸ். இந்தப் பணத்துக்கு அட்டை கிடையாது, அடையாள எண் கிடையாது. ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டு வரிசையில் நின்றால் போதும்.

மருந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தமிழ்நாடு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய காரியம் அது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மருந்து வாங்குவதில் நடந்த முறைகேடுகள் ஊரறிந்தவை. கழகம் வந்தபின், மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, மொத்தமாக, மருந்தின் வேதிப்பெயரில் வாங்குகிறார்கள். வந்த சரக்கை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு இருக்கும். எடுக்க எடுக்கக் கழித்து எழுதுவார்கள். லட்சக்கணக்கான மாத்திரைகளை ஒன்றாகக் கேட்கும் ஆளுக்குக் கம்பெனி கொடுக்கும் விலையும், மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை வாங்கும் ஆளுக்குக் கிடைக்கும் விலையும் எப்படி ஒன்றாக இருக்கும்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை இந்த வழியாகத்தான் வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இதில் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடமே இல்லை. பணம் கருவூலத்திலிருந்து கிளம்பி மாத்திரையாக வந்து சேர்கிறது.

அட்டைப் பணம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. புறநோயாளியாகப் போய்வரும் செலவு அதில் வராது. ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ் காசு, கூட இருப்பவரின் சாப்பாடு, இழந்த கூலி எதுவும் வராது. ஸ்டென்ட் வைத்தபின் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு மறுபடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போக வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தை மட்டும் பெருக்கி, நேரடிச் செலவைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மாரடைப்பு வந்தால் ஆபரேஷன் இலவசம், வராமல் தடுக்கும் மாத்திரைக்குக் காசு என்ற நிலைக்குப் போய்விடுவோம். சுகாதாரத்துக்கு அரசு கூடுதலாக ஒரு ரூபாய் ஒதுக்கினால் அது முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். கட்டட வேலை, வீட்டு வேலை, விவசாயக் கூலி என்று சம்பளச் சீட்டே இல்லாதவரிடம் எதைப் பிடிப்பது? அதனால்தான் அவருக்கு வரிப்பணத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது.

இனி, முதலில் சொன்ன அந்த ஸ்டென்டுக்கு வருவோம். நோயாளி சேர்ந்தவுடன் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் அட்டையைச் சரிபார்ப்பார்கள். ஆஞ்சியோ படம், டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள். அனுமதி வந்ததும் சிகிச்சை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பேக்கேஜ் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. படுக்கை, மருந்து, ஆபரேஷன், ஸ்டென்ட், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். தனியார் மருத்துவமனை அதற்குமேல் நோயாளியிடம் வாங்கக்கூடாது. பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை என்று சில தனியார் மருத்துவமனைகள் நோயாளியைத் திருப்பி அனுப்புவதும், 'வித்தியாசத்தை மட்டும் கட்டுங்கள்' என்று கேட்பதும் உண்டு. தொகை குறைவு என்ற வாதத்தில் சில சமயம் நியாயம் இருக்கலாம். அதை அரசோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமே தவிர, ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரின் மனைவியிடம் அல்ல.

அரசு மருத்துவமனையிலும் இதே கவுண்டர் இருக்கிறது. பலருக்கு வரும் சந்தேகம் இதுதான்: "ஜி.ஹெச்-ல எல்லாமே இலவசம். அங்க எதுக்குக் கார்டு?" அட்டை இல்லாவிட்டாலும் அங்கே சிகிச்சை உண்டு, உண்மைதான். ஆனால் அட்டையைப் பதிந்தால், தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கும் பேக்கேஜ் தொகை அந்த அரசு மருத்துவமனையின் கணக்கில் வந்து விழும். அதில் ஒரு பகுதி சிகிச்சை செய்த குழுவுக்கு ஊக்கத்தொகை. ஒரு பகுதியில் ஸ்டென்ட், எலும்புத் தகடு, கருவிகள், வார்டுக்கு வேண்டியவை வாங்கலாம். ஒரு பகுதி பெருஞ்செலவுச் சிகிச்சைக்கான தொகுப்பு நிதிக்குப் போகிறது. அரசு ஒரு கையால் பிரீமியமாகக் கொடுத்த பணம் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வரும் வழி இது ஒன்றுதான். தனியாருக்குப் போனது போனதுதான்.

உங்களுக்கும் பைசா மிச்சம். மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையத்தில் சி.டி. ஸ்கேன் எடுக்க 500 ரூபாய் கட்டணம். அட்டை இருந்தால் அதையும் காப்பீட்டில் எடுக்கலாம்.

ஆகவே வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் ஜி.ஹெச்-க்குக் கிளம்பும்போதும் பையில் அந்த அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். சேர்த்த அன்றே காப்பீட்டு கவுண்டரில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். அட்டை இன்னும் வாங்காதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போய்வாருங்கள். பேக்கேஜுக்குள் வரும் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையாவது உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.